டேப்பக்காவின் மேளம்

ஒட்டும் டேப்பை மடித்து அழுத்தி மெல்லப் பிரித்தாள். மறுபடி மடித்தாள், மறுபடி பிரித்தாள். அதில் ஒட்டியிருந்த பென்சில் கரியின் பளபளப்பான துணுக்கு ஒவ்வொரு பிரிப்பிலும் மெலிந்து, கடைசியில் ஒரே ஓர் அணுவின் தடிமனுக்கு வந்து நின்றது. மருத்துவமனையின் கிருமி ஆய்வகத்தில் பதினோரு வருடமாக இதுதான் அவள் வேலை. நகம் வளர்க்க மாட்டாள். பிரிக்கும்போது மூச்சு விட மாட்டாள். எல்லோருக்கும் அவள் டேப்பக்கா.

அந்தப் படலத்தைச் சிலிக்கான் சில்லில் உள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்துளையின்மேல் விரித்தால் மேளத்தோல் மாதிரி நிற்கும். அதில் நோயாளியின் பாக்டீரியாவை விடுவார்கள். அது நெளிகிற நெளிவில் தோல் அதிர்ந்து, ஸ்பீக்கரில் இரைச்சலாகக் கேட்கும். பிறகு மருந்தை விடுவார்கள். இரைச்சல் தேய்ந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அன்று வந்த குப்பியில் படுக்கை எண் மட்டும்தான் இருந்தது. அந்த எண் அவளுக்கு மனப்பாடம். தனியறையில் நாற்பத்தோரு நாளாக அவள் புருஷன் கிடந்தார், பஸ் டிரைவர். இடுப்பு ஆபரேஷன் செய்த புண்ணில் கிருமி குடியேறிவிட்டது. மற்றவர்கள் கையுறை போட்டுக்கொண்டு உள்ளே போகலாம். அவள் மேல் ஒட்டிவரும் கிருமி ஆய்வகத்தில் மற்றவர்களின் மாதிரிகளில் கலந்துவிடும் என்று அவளுக்கு மட்டும் அனுமதியில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று போனில்தான் பேச்சு.

"என் ஆளுங்க இன்னும் கச்சேரி பண்றாங்களா?"

"உங்களை மாதிரியேதான். வாயை மூட மாட்டேங்குதுங்க."

"வீட்டுக்கு வந்ததும் முதல்ல உன் கையத்தான் பிடிப்பேன்."

"முதல்ல குளிங்க."

வீட்டுக் கட்டிலில் அவர் படுக்கிற பக்கம் துவைத்த துணியைக் குவித்து வைத்திருந்தாள். மடிக்க நேரமில்லை என்று சொல்லிக்கொள்வாள். நாற்பத்தோரு நாளும் நேரமில்லை.

சாயங்காலம் புது மருந்தை விட்டதும் இரைச்சல் சட்டென்று நின்றது. ஆய்வக டாக்டர் சின்னப் பெண், துள்ளிக் குதித்தாள்.

"அக்கா, அடங்கிடுச்சு! இதையே எழுதிடறேன். பத்து நாள்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்!"

டேப்பக்காவின் மனம் அதற்குள் கட்டில் துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டது. காதுதான் ஒப்பவில்லை. கிருமி சாகும்போது இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேயும். செத்த பிறகும் லேசான முணுமுணுப்பு மிஞ்சும். இதுவோ கத்தரித்தாற்போல் நின்றிருந்தது.

"எழுதாதீங்கம்மா. மைக்ராஸ்கோப்புல ஒருவாட்டி பாத்துடுவோம்."

"பாத்தே ஆகணுமாக்கா?"

"வேற யாரோடதா இருந்தா பாத்திருப்போம்ல?"

பார்த்தார்கள். தோல் நடுவில் கிழிந்து தொங்கியது. சோதனை செல்லாது என்று பதிவேட்டில் எழுதி, டேப்பக்காவே கையெழுத்துப் போட்டாள். பிறகு கண்ணாடிக்குப் போய் போனை எடுத்தாள்.

"மேளம் கிழிஞ்சு போச்சுங்க. நாளைக்கு வேற கட்டறேன்."

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"பொறுமையா கட்டு. நான் எங்க ஓடிடப்போறேன்?"

மறுநாள் காலை முதல் ஆளாக வந்து புதுத் தோல் விரித்தாள். அதே கிருமி, அதே மருந்து. பத்து மணி வரை கேட்டார்கள். இரைச்சல் துளியும் குறையவில்லை. டாக்டர் பட்டியலில் அந்த மருந்தின் பெயரை அடித்துவிட்டு அடுத்ததன் பெயரை எழுதினாள். டேப்பக்கா ஸ்பீக்கரை அணைத்தாள், கை கழுவினாள், டேப்பை எடுத்து மூச்சை அடக்கிக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தாள்.