வீட்டில் மட்டும் பேசும் தமிழினி

மாளவிகாவுக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. ஆட்டோக்காரர் போகும் வழியைக்கூட ஃபோனில் சரிபார்த்துக்கொண்டே வருவாள். செம்பாக்கத்தில் ஒரு மாடி போர்ஷனை வாடகைக்கு எடுத்து, பேச்சுப் பிரச்சினை உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்துவந்தாள். குழந்தைகளிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பொறுமையாக இருப்பாள். பெற்றவர்கள் சொல்வதில்தான் பாதியைக் கழித்துவிடுவாள்.

அதிலும் ஜெயக்கொடியை அவள் துளியும் நம்பவில்லை. படப்பையில் சிமென்ட், கம்பி விற்கும் கடைக்காரரின் மனைவி அவள். ஐந்து வயது மகள் தமிழினி பள்ளியில் வாயே திறப்பதில்லை என்று கூட்டிவந்தாள். முதல் நாள் ஏதோ ஒரு சொல் முனகியதோடு சரி, குழந்தை இங்கும் வாய் திறக்கவில்லை. கேட்ட பொம்மையை எடுத்துக் கொடுப்பாள், அவ்வளவுதான்.

"வீட்டில் நன்றாகப் பேசுவாள் மேடம்," என்று ஜெயக்கொடி ஒப்பிப்பதுபோல் சொல்வாள். வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னால், ஒருநாள் சார்ஜ் இல்லை என்பாள், இன்னொரு நாள் ஃபோன் வீட்டுக்காரரிடம் என்பாள். வீட்டில் என்னவோ நடக்கிறது, மூடிமறைக்கிறார்கள் என்றே மாளவிகா நினைத்தாள்.

மாதம் ஒரு சனிக்கிழமை அவள் மேற்குத் தாம்பரத்துக்குப் போவாள். அங்கே நாகலக்ஷ்மி இருந்தார். இதே தொழிலில் பழுத்தவர். பிடிபடாத குழந்தைகளைப் பற்றி இளையவர்கள் அவரிடம் கலந்து பேசுவார்கள்.

"அந்தம்மா பொய் சொல்றாங்க மேடம்," என்றாள் மாளவிகா.

"குழந்தையைப் பத்திக் கேட்டேன். நீ அம்மாவைப் பத்தியே சொல்லிட்டிருக்கே. சரி, பொய்யின்னே வெச்சுக்குவோம். உன்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்? உன்னைப் பார்த்து அவங்களுக்கு என்ன பயம்?"

மாளவிகாவுக்குச் சுருக்கென்றது. பழியைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறாரோ என்று தோன்றியது. "அவங்களைத் தனியாக் கூப்பிட்டுக் கேளு," என்று நாகலக்ஷ்மி சொன்னதற்கு அரைமனதாகத் தலையாட்டினாள்.

"என்னை மட்டும் எதற்கு மேடம்?" என்று கேட்டுக்கொண்டேதான் ஜெயக்கொடி வந்தாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"பாப்பா வீட்ல பேசுறான்னு நீங்க சொன்னதை நான் நம்பலை," என்றாள் மாளவிகா. "தப்பா இருந்தா சொல்லுங்க. வீடியோ கேட்டா ஏன் தட்டிக் கழிக்கிறீங்க?"

"நான் சொல்றதை ஸ்கூலுக்கு அனுப்புற ரிப்போர்ட்டுல எழுதுவீங்களா?"

"உங்களைக் கேட்காம ஒரு வரி எழுத மாட்டேன்."

ஜெயக்கொடி கதவைத் திரும்பிப் பார்த்தாள். ஃபோனில் சத்தத்தைக் குறைத்து நீட்டினாள். வீடியோவில், சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்து தமிழினி பேசித் தள்ளிக்கொண்டிருந்தாள். "யப்பா, பூனை இன்னா பண்ணுது பாரு. தூங்கிகினு கீது. வூட்டுக்கு இட்டுகினு போலாமா?"

மாளவிகா மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். தடங்கலே இல்லாத பேச்சு. "இதையா மறைச்சீங்க?"

"அட்மிஷன் அன்னிக்கு இவ 'இன்னா'ன்னு கேட்டா. மிஸ்ஸுங்க சிரிச்சாங்க." ஜெயக்கொடியின் பேச்சு தானாக மாறியிருந்தது. "அதுலேர்ந்து வெளில வாயத் தொறந்தா தொடையில கிள்ளுவேன். இங்க மொத நாளு 'வூடு'ன்னா. நீங்க 'வீடு சொல்லு'ன்னீங்க. அத்தோட வுட்டுட்டா."

மாளவிகாவுக்கு அப்படிச் சொன்ன நினைவே இல்லை. ஆனால் சொல்லியிருப்பாள். ஃபோனைத் திருப்பிக் கொடுத்து, "இனிமே இங்க நீங்க வீட்ல பேசுற மாதிரியே பேசுங்க அக்கா. கிள்ளாதீங்க. நானும் திருத்த மாட்டேன்," என்றாள்.

ஜெயக்கொடி சரி என்றாளே தவிர நம்பவில்லை. பல வாரம் தமிழினி அம்மாவின் காதுக்குள் மட்டும் கிசுகிசுத்தாள். ஒருநாள் தரையில் லாரி பொம்மை ஓட்டும்போது மாளவிகாவைப் பார்த்து, "நீ இன்னா சும்மா குந்திகினு கீறே? தள்ளு," என்றாள்.

ஜெயக்கொடி மகளைப் பார்க்கவில்லை. மேடம் சிரிக்கிறாரா என்று மாளவிகாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாளவிகா குனிந்து லாரியைத் தள்ளினாள்.