அரிவாளில் ஏறிய செம்பு

கம்பம் ஊரிலுள்ள எனது திராட்சைத் தோட்டத்திற்கு மருந்து கலக்க வந்த அவரது பெயரை நான் கேட்டறியவில்லை. மெலிந்த தேகம், நகங்கள் மயில்துத்தம் என்னும் செம்பு உப்பால் நீலம் பாரித்திருந்தன. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்கியபின், தேய்த்துத் துலக்கிய அரிவாளை அதில் முக்கிப் பார்ப்பது அவர் வழக்கம்.

அன்று அரிவாள் செம்பு நிறமேறி வெளிவந்தது.

"துத்தம் இன்னும் அடங்கலய்யா. இதை அடிச்சா இலை கருகிரும்," என்றார்.

"புத்தகத்துல உள்ளபடிதான நிறுத்துப் போட்டேன்?"

"எடை சரிதான். சாக்கு தெறந்து கெடந்தது புத்தகத்துக்குத் தெரியுமா? காத்துப்பட்டு சுண்ணாம்பு வீரியம் போச்சு."

மேற்கே மழை கறுத்து நின்றது. ஈரத்தில் பரவி இலையின் அடியில் வெண்மையாய்ப் படரும் அடிச்சாம்பல் நோய் தென்படத் தொடங்கியிருந்தது. புதுச் சுண்ணாம்புக்கு ஆளனுப்பிய நான், பொறுக்கமாட்டாமல் அந்தக் கலவையையே முதல் வரிசைக்குத் தெளித்துவிட்டேன். அவர் தடுக்கவில்லை. சுண்ணாம்பு வந்ததும் அதைச் சேர்த்துக் கலக்கி, அரிவாள் நிறம் மாறாமல் வெளிவந்த பிறகே மற்ற வரிசைகளுக்குத் தெளித்தார்.

மூன்றாம் நாள் முதல் வரிசை கருகியிருந்தது. பார்க்க வந்த அவர் அதனைக் கடந்து சென்று, இரண்டாம் வரிசையில் ஓர் இலையைத் திருப்பினார்.

"இங்கன பழுதில்லய்யா," என்றார்.

கருகியதைக் குறித்து அவர் ஏன் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது இன்றளவும் எனக்கு விளங்கவில்லை.