ரங்கூன் போகும் பேச்சு

1948 ஜூலையில் ரங்கூனிலிருந்து கணவர் ஹபீபுல்லாவின் கடிதம் வந்த நாள்முதல் ராயபுரத்து மரியத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. மழைக்கு முன் வந்து இருவரையும் கூட்டிப்போவதாக எழுதியிருந்தார். மகள் ஜெரினாவை அங்கே பள்ளியில் சேர்க்க வேண்டும், கொஞ்சம் பர்மியம் பழக்கிவை என்பது கடைசி வரி.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது வயிற்றுப்பிள்ளையோடு கப்பலேறி வந்தவள் மரியம். துணிக்கடையைப் பார்த்துக்கொள்ள அவர் அங்கேயே தங்கிவிட்டார். ஜெரினாவுக்கு இப்போது ஆறு வயது. தகப்பன் முகம் தெரியாது. மரியத்துக்குத் தெரிந்ததோ சந்தையில் பேசிப் பழகிய பர்மியம். அதிலும் பாதி மறந்துபோயிருந்தது.

அன்றைக்கே பாடம் தொடங்கியது.

"சோறுன்னா தமின். தண்ணின்னா யே. சொல்லு."

"நம்ம வூட்ல இன்னாத்துக்கும்மா இந்த பாஷ?"

"அங்க போயி ஊமையாட்டம் நிப்பியா?"

மூன்றாம் நாள், "யே" என்று கேட்டால்தான் தண்ணீர் என்றாள். ஜெரினா வாயைத் திறக்கவில்லை. சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னாமே, பெத்த புள்ளைக்குத் தண்ணி குடுக்க மாட்டியா? என் வூட்ல ரெண்டு சொம்பு குடிச்சுட்டு அழுவுது."

மரியத்தை வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் கத்தரிக்காயையும் கருவாட்டையும் தரையில் பரப்பி, ரங்கூன் சந்தைக்காரி மாதிரிக் கூவினாள். ஜெரினா தப்பான சொல்லில் கேட்டாலும் மரியம் எடுத்துக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் கடைக்காரியே ஜெரினாதான். கடிதமும் 'சா', சாப்பிடுவதும் 'சா'. குரலின் ஏற்ற இறக்கத்தில்தான் வித்தியாசம். அதைக் குழப்பிக் குழப்பியே அவள் தேறினாள்.

மழை வந்தது. கப்பலும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. பர்மாவில் கலகம் என்று ஹார்பரில் வேலை செய்யும் ஜாபர் சொல்லிவிட்டுப் போனான். மரியம் அடுப்பில் சோற்றைக் குழையவிட்டுத் தெருவையே பார்த்தாள். பாடத்தை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் வராமலே போய்விடுவார் என்று ஒரு பயம்.

பிப்ரவரியில் ஒரு நாள் டிரங்குப் பெட்டியோடு ஹபீபுல்லா வாசலில் நின்றார். ஜெரினா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அபே, தமின் சா."

அப்பா, சோறு சாப்பிடு. அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சாப்பிட்டு முடித்துச் சொன்னார்: "கடை எரிஞ்சிபோச்சு. இனிமே அங்க போறதில்ல."

மரியத்துக்கு மூச்சு வந்தது. ஜெரினாதான் சண்டைக்கு வந்தாள்.

"அப்ப என்னை இன்னாத்துக்குப் படிக்க வெச்ச?"



ஹபீபுல்லாவுக்குத் தண்டையார்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. பாதி ஆயுளைக் கழித்த ஊரைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறப்பதில்லை. மகளிடம் மட்டும், அந்த ஊர்ப் பேச்சிலேயே பேசுவார். மரியம் எந்தச் சந்தையிலும் கேட்டிராத சொற்கள் அவை. ஒரு மாலை இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். மீன் அரிந்துகொண்டிருந்தவள் பொறுக்கமாட்டாமல் எழுந்து வந்தாள்.

"இன்னா சொல்றாரு உங்க அத்தா? எனக்கும் சொல்லுடி."