படாத அடிக்கு விழுந்தவன்

ஒரு விடுகதை போடுகிறேன். அடி மேலே படாது, ஆனாலும் விழுவார். விழுந்ததும் எழுந்து, அடித்தவரோடு சேர்ந்து, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் குடிப்பார். அவர் யார்?

விடை: படங்களில் சண்டை போடுகிறவர். அதாவது நான். எங்கள் ஊரான குளுவாங்கின் பொது மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக் கொடுக்கிறேன். தொலைக்காட்சித் தமிழ்ப் படங்களில் அடி வாங்குகிறேன். முதல் வேலையில் குறி தவறக் கூடாது. இரண்டாவது வேலையில் குறி தவறியே ஆக வேண்டும். ஒரே உடம்பை வைத்துக்கொண்டு இரண்டையும் செய்வது என்ன பாடு என்று, வேலையிடத்தில் ஒரு மாதிரியும் வீட்டில் ஒரு மாதிரியும் இருந்து பழகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

யாருக்கும் தெரியாத உதை

முதல் படப்பிடிப்பு மூவாரில், ஒரு மரச்சாமான் தொழிற்சாலையின் பின்கட்டில் நடந்தது. நான் வில்லனின் அடியாள். அடுக்கி வைத்த சோபாக்களுக்கு நடுவே கதாநாயகனை உதைக்க வேண்டும். போட்டிகளில் எனக்குப் பரிசு வாங்கித் தந்த உதை அது. கால் போவதும் தெரியாது, திரும்புவதும் தெரியாது. அதையே செய்தேன். அவர் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தி, காலை இறக்கி, வணக்கம் வைத்து நின்றேன். யாரும் கைதட்டவில்லை.

இயக்குநர் சேகரன் பதிவானதைத் திரையில் போட்டுக் காட்டினார். அதில் நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன். கதாநாயகனின் முன்முடி மட்டும் லேசாகப் பறந்தது. சேகரன் பொறுமையான மனிதர். "மாஸ்டர், நீங்க உதைச்சது உங்களுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியுது. கேமராவுக்கும் கொஞ்சம் சொல்லிட்டு உதைங்க லா."

கை கேட்கவில்லை

படத்தில் குத்துகிறவர் கன்னத்திலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் குத்துவார். கேமரா ஒருவரின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் அந்த இடைவெளி தெரியாது. வாங்குகிறவர் சரியான நேரத்தில் தலையைத் திருப்பி விழ வேண்டும். சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். இதெல்லாம் என் தலைக்குப் புரிந்தது; கைக்குப் புரியவில்லை. கதாநாயகன் குத்தியதும் என் இடது கை தானாக எழுந்து தடுத்துவிட்டது.

மன்னிப்புக் கேட்டேன். அவர் மறுபடி குத்தினார். நான் மறுபடி தடுத்தேன். பக்கத்துத் தண்ணீர்க் கடையிலிருந்து ஒரு பை ஐஸ்கட்டி வந்தது. அதற்குள் கையை விட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்த கதாநாயகன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அலமாக், மாஸ்டர்! அடியாளே இப்படித் தடுத்துக்கிட்டு இருந்தா, நான் எப்பதான் கதாநாயகியைக் காப்பாத்துறது?"

வேறு மாஸ்டர்

வீட்டு முன்கூடத்தில் பழைய மெத்தையைப் போட்டு விழப் பழகினேன். முதலில் தோள், பிறகு முதுகு, கடைசியில் கால். விழுவது கைவந்ததும் வாய்ப்புகள் தொடர்ந்து வந்தன. மேசை மேல் விழுந்தேன், மாடிப்படியில் உருண்டேன், மீன் கூடைகளுக்குள் தலைகீழாகப் போனேன். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒளிபரப்பாயின. திங்கட்கிழமைதோறும் என் வகுப்பில் ஆள் குறைந்தது.

ஒருநாள் ஒரு மாணவனின் அம்மா வந்தார். மகனை நிறுத்தப் போவதாகச் சொல்லத் தயங்குகிறார் என்று நினைத்து நாற்காலியைப் போட்டேன். அவருக்குத் தயக்கமே இல்லை. "மாஸ்டர், நேத்து டிவியில உங்கள ஒரே குத்துல தூக்கிப் போட்டாரே, அவரு எங்க கிளாஸ் நடத்துறாரு?"

ஒரு படம்தான்

இதுவரை சிரித்தவர்கள் இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள். என் மகள் யாழினிக்குப் பத்து வயது. அவளும் என் வகுப்பில்தான் படிக்கிறாள். பள்ளியில் பிள்ளைகள் அவளைப் பார்த்தால் படத்தில் நான் விழுவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலிருந்து சரிந்து விழுவார்களாம். ஒரு மாலை அவள் தன் கராத்தே உடையை நன்றாக மடித்து என் மடியில் வைத்தாள். பள்ளி விடுமுறைக்குப் பிறகு பூப்பந்துக்குப் போகிறாளாம்.

போட்டியில் தோற்றபோதெல்லாம் தூங்கியிருக்கிறேன். அன்று தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் பள்ளிக்குப் போகும் வழியில், ஒரு படத்திலாவது நான் ஜெயிக்கும்வரை பொறுத்துக்கொள் என்று கேட்டேன். காரிலிருந்து இறங்கும்போதுதான் பதில் வந்தது. "சரிப்பா. ஒரு படம்தான்."

நின்றுகொண்டே இருக்கும் வேலை

சேகரனிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவருக்கும் ஒரு மகள் உண்டு. அடுத்த படத்தில் என்னைக் கதாநாயகனாகப் போட்டார். பொந்தியான் கடலோரத்தில், படகுத்துறையில் சண்டை. என்னோடு விழுந்து எழுந்த தோழர்கள் இப்போது எனக்காக விழ வந்திருந்தார்கள்.

முதல் ஆள் கையை ஓங்கினான். ஓங்கியது மட்டும்தான். நான் தலையைத் திருப்பி, தோளைக் கொடுத்து, துறையிலிருந்து சேற்றுக்குள் அழகாகப் போய் விழுந்தேன். பழக்கம்! கையைப் பிடித்து என்னைத் தூக்கிவிட்ட சேகரனின் சட்டையெல்லாம் சேறு. "மாஸ்டர், இந்தப் படத்துல நீங்கதான் ஜெயிக்கிறீங்க. உங்களுக்குப் புண்ணியமா போகட்டும், நின்னுக்கிட்டே இருங்க."

யாழினியின் விமர்சனம்

நின்றேன். ஜெயித்தேன். படம் வந்த ஞாயிற்றுக்கிழமை பொது மண்டபத்தில் எல்லோரும் கூடிப் பார்த்தோம். வேறு மாஸ்டர் தேடிய அம்மாதான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார். யாழினி கைதட்டவில்லை. நாடியைக் கையில் தாங்கித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்ததும் மெல்ல விசாரித்தேன். "நல்லாதான் இருந்துச்சு. ஆனா அந்தச் சிவப்புச் சட்டை அங்கிளுக்கு விழத் தெரியலப்பா. கையை ஊணிட்டாரு, உடைஞ்சிரும். நீங்கன்னா தோள்தான் முதல்ல படும்," என்றாள். இத்தனை நுணுக்கமாக எப்போது பார்த்தாய் என்று கேட்டேன். "உங்க பழைய படத்தையெல்லாம் திருப்பித் திருப்பி ஓடவிட்டுப் பார்ப்பேன். விழுறப்பதான உங்க முகத்தையே காட்டுவாங்க."

விடுமுறை முடிந்த முதல் நாள், பூப்பந்தா கராத்தேயா என்று கேட்டேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விழாமல் நிற்கச் சொல்லிக் கொடுக்கும் என்னிடம், என் மகள் மெத்தையை இழுத்துப் போட்டு, விழக் கற்றுக்கொள்வதைத் தேர்ந்தெடுத்தாள்.