அப்பா கேட்ட மினி பஸ்

என் ராப் பாட்டு இந்த வாரம் ஒரு மியூசிக் ஆப்பில் தமிழ்ப் பாடல்களில் முதலிடம் என்று அப்பாவிடம் சொன்னேன்.
"எந்த மினி பஸ்ல போடுறாய்ங்க?" என்றார்.

நியாயமான கேள்விதான். எங்கள் பக்கம் பயணிகள் முகம் சுளித்தால், அடுத்த நிறுத்தத்துக்குள் டிரைவர் பாட்டை மாற்றிவிடுவார்.

இன்று காலை இலுப்பூரில் மினி பஸ் ஏறினேன். விராலிமலை வருவதற்குள் என் பாட்டு மூன்று முறை ஓடியது. யாரும் மாற்றச் சொல்லவில்லை. பூரிப்பில் நானும் கூடவே பாடினேன்.

பின் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அக்கா என் தோளைத் தட்டினார்.
"தம்பி, ரெண்டாவது வரி தப்பு. பேசாம வாங்க, பாட்டக் கேக்கணும்."

அவர் சொன்னது சரி. ரெக்கார்டிங்கில் நானே கைவிட்ட பழைய வரியைத்தான் பாடியிருந்தேன்.

இறங்கியதும் அப்பாவுக்கு போன் போட்டு பஸ் பெயரைச் சொல்லிவிட்டேன்.

சொந்தப் பாட்டைப் பாடித் திட்டு வாங்கியவர்கள் இங்கே வேறு யாராவது உண்டா?