மாடிவீட்டுச் சாம்பியனும் நான்கு மாத்திரைகளும்

எங்கள் சிட்லபாக்கம் வீட்டு மாடியில் மூன்று வருடமாகக் குடியிருக்கிற பெண் மாநில சைக்கிள் சாம்பியன். இதை நான் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லாத நாள் குறைவு. அவர் கேட்டாரா என்றால், இல்லை. ஏரியைச் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றினாலே எனக்கு மூச்சு வாங்கும். அவளோ கூடுவாஞ்சேரி தாண்டிப் போய்த் திரும்பி, நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவாள்.

அவள் வெற்றியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அது கேட். துருப்பிடித்துத் தரையில் உரசும். காலை ஐந்து மணிக்கு நான் எழுந்து அதை இழுத்துத் திறந்து வைப்பேன். அந்தச் சத்தத்தில் பாதித் தெரு விழித்துக்கொள்ளும். "ஏண்ணா, டெய்லி தூக்கத்தக் கெடுத்துக்கிறீங்க" என்பாள். எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

போன வருடம் அவள் வேகம் கூடியது. போட்டிக்குப் போட்டி மெடல். கூடவே பேச்சும் கிளம்பியது. "இன்னா சார், ஒங்க மாடிப் பொண்ணு ஊசி போட்டுக்கினு ஓட்டுதாமே" என்றார் டீக்கடைக்காரர். அவள் மழையில் நனைந்து மிதித்ததையெல்லாம் பார்த்தவன் நான். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அந்தக் கடைப் பக்கம் போவதையே நிறுத்தினேன்.

பிறகு மாநிலப் போட்டியில் மறுபடியும் தங்கம் வாங்கினாள். தெருவுக்கே கேசரி கொடுத்தோம். சில வாரங்களில் சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்தது. போட்டி நாளில் உடம்பில் இருக்கக் கூடாத ஒரு மருந்து இருந்ததாம். தங்கத்தை நிறுத்தி வைத்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்று என் மனைவி வந்து சொன்னாள்.

நெருப்பில்லாமல் புகையுமா என்று தோன்றியது. டீக்கடைக்காரருக்கு இல்லை, எனக்கு. மறுநாள் ஐந்து மணிக்கு விழிப்பு வந்தும் எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. அவளே சத்தம் வராமல் கேட்டைத் தூக்கித் திறந்துகொண்டு போனாள். நான் போர்வைக்குள் கிடந்தேன்.

அந்த இரண்டாம் நாள் மாலை அவள் ஒரு நோட்டோடு கீழே வந்தாள். போட்டிக்கு முந்தைய வாரம் சாப்பிட்டதையெல்லாம் அதில் எழுதியிருந்தாள். "அக்கா, முந்தின நாள் சளிக்கு மாத்திரை குடுத்தீங்களே, அது பேர் என்ன?" என்று என் மனைவியிடம் கேட்டாள்.

எங்கள் வீட்டில் ஒரு மாத்திரை டப்பா உண்டு. தெருவில் யார் தும்மினாலும் அது திறக்கும். அன்றைக்கு என் சளி மாத்திரை அட்டையிலிருந்து மனைவி நான்கைக் கத்தரிக்கோலால் வெட்டித் தந்தாள். மாடிக்குக் கொண்டுபோனது நான்தான். "போட்டுட்டுத் தூங்கும்மா, காலையில பறந்துடுவே" என்று வேறு சொன்னேன். டப்பாவில் மிஞ்சியிருந்த அட்டைத் துண்டிலும் பெயர் இல்லை.

அதைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினேன். டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்திருந்த பழைய சீட்டைப் பார்த்துக் கடைக்காரர் மாத்திரையில் என்னென்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட்டில் இருந்த மருந்து அதில் இருந்தது. நானும் மனைவியும் உட்கார்ந்து நடந்ததைக் கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

அவள் அதைத் தன் விளக்கத்தோடு அனுப்பினாள். விசாரித்தவர்கள் கடிதத்தை நம்பினார்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தங்கம் போனது போனதுதான். சில மாதம் தடையும் விழுந்தது. என்ன மருந்து என்று கேட்டுச் சாப்பிட வேண்டியது ஓட்டுகிறவர் பொறுப்பாம். அவளும் அதையேதான் சொன்னாள். "நான்தான்ணா பேர் கேக்காம முழுங்கிட்டேன்." என் மனைவி அழுதுவிட்டாள். இப்போது மாடிக்கு ரசம் அனுப்பினாலும் மிளகு, சீரகம், பூண்டு என்று சீட்டு எழுதி மூடிமேல் ஒட்டித்தான் அனுப்புகிறாள்.

நான் சொல்ல வேண்டியது இன்னொன்று பாக்கி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். "நானும் ரெண்டு நாள் சந்தேகப்பட்டுட்டேன்மா."

அவள் நிமிரவில்லை. "தெரியும்ணா. கேட் சத்தம் கேக்கலையே" என்றாள். கொஞ்ச நேரம் துடைத்துவிட்டு, "மெடல் போனது கூடப் பரவால்ல. அந்த ரெண்டு நாள்தான் கஷ்டமா இருந்துச்சு" என்றாள்.

தடை இன்னும் முடியவில்லை. ஆனாலும் தினமும் ஐந்து மணிக்குக் கிளம்புகிறாள். கேட்டை மறுபடியும் நான்தான் இழுத்துத் திறக்கிறேன். கேட்டுக்கு எண்ணெய் போட்டால் என்ன என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.