அந்த வயலில் மட்டும் இறங்கக் கூடாது

காலை 7.10. கும்பகோணத்திலிருந்து திருப்பனந்தாள் பேருந்து புறப்பட்டபோதே கிழக்கே மூட்டம் போட்டிருந்தது. தை மாதக் கடைசி. சம்பா அறுப்புக்கு நிற்கையில் மழை என்றால் டெல்டாவில் யாருக்கும் சோறு இறங்காது. நான் சிப் தட்டுப்பாடு பற்றி எழுதச் சென்னையிலிருந்து வந்தவன். அமெரிக்காவும் சீனாவும் முறைத்துக்கொள்கின்றன. உலகத்துக்கே சிப் செய்து தரும் தைவான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறது. இது வயலில் எங்கே வந்து இடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பக்கத்து இருக்கையில் முருகையன். ஊர் உழவர் குழுவின் அறுப்பு மெஷினை ஓட்டுபவர். அதன் கண்ட்ரோல் போர்டு எரிந்து ஐந்து நாளாகிறது. நேற்றே கும்பகோணத்துக் கடைக்கு வந்தவர், இரவு தங்கிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்.

“போர்டுல வைக்கிற சிப்பு வரலையாம் சார். மூணு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் நெல்லு நிக்குமா?”

“வாடகை மெஷின்?”

“மழைன்னதும் எல்லாம் புக் ஆயிடுச்சு. ஊர்ல மிராசுதார் ராமநாதன் மட்டும் ஸ்பேர் போர்டு வாங்கி வச்சிருக்காரு. அவருகிட்டப் போய் நிக்கத்தான் மனசு வரல.”

முருகையன் குத்தகைக்குப் பயிரிடும் இரண்டு ஏக்கர் ராமநாதனுடையது. குத்தகையிலிருந்து வெளியேற்ற, முருகையன் அங்கே சாகுபடியே செய்யவில்லை என்று ராமநாதன் வழக்குப் போட்டிருக்கிறார். “ஆட்சி மாறிச்சு, திரும்பவும் மாறிச்சு. கேஸ் மட்டும் அப்படியே கெடக்கு” என்றார் முருகையன்.

9.30. வேறு வழியில்லாமல் முருகையன் போய்க் கேட்டார்; நானும் கூடப் போனேன். ராமநாதன் போர்டைக் கொடுத்தார். கூடவே ஓர் ஆளையும் அனுப்பினார்.

“ஊர் முழுக்க அறுங்க. கேஸ் நடக்குற வயல்ல மட்டும் மெஷின் இறங்கக் கூடாது. இறங்குனா இவன் போர்டைக் கழட்டிக்கிட்டு வந்துருவான்.”

எனக்குச் சுருக்கென்றது. வல்லரசுகள் சிப்புக்குப் போடும் தடையும் இதேதான்: தருகிறேன், நான் சொல்லும் இடத்தில் மட்டும் வைத்துக்கொள். மறுத்தால் ஊர் நெல் மொத்தமும் போகும். முருகையன் வானத்தைப் பார்த்துவிட்டு, “சரிங்க” என்றார்.

பிற்பகல் 4.20. கடைசி வயலும் முடிந்தது. மற்றவர் நெல்லை அறுக்கும்போதெல்லாம் முருகையனின் கண் தன் வயல் பக்கமே போனது. தூறல் விழுந்தது. மெஷினை வரப்போரம் நிறுத்திவிட்டு, அருவாளோடு ஒற்றை ஆளாய் இறங்கினார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அன்று மெஷின் முதலில் அறுத்த வயலின் சொந்தக்காரர் லட்சுமி சேலையைச் செருகிக்கொண்டு பின்னாலேயே இறங்கினார். “என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? வாங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில் நாற்பது பேர் இறங்கிவிட்டார்கள். நானும் இறங்கினேன். அறுத்ததைவிட மிதித்ததுதான் அதிகம்.

ராமநாதனின் ஆள் போனில் தவித்தார். “மெஷின் இறங்கலைங்க ஐயா, ஆளுங்கதான்... நீங்க மெஷினைத்தானே சொன்னீங்க?”

6.15. மழை கொட்டியது. முக்கால் வயல் கரையேறியிருந்தது, மிச்சம் படுத்துவிட்டது. கால் பங்கு போயிற்றே என்றேன்.

“போகட்டும் சார். மெஷின் அறுத்திருந்தா என் சாகுபடிக்கு நான் மட்டும்தான் சாட்சி. இப்ப நாப்பது பேரு. உங்களோட நாப்பத்தொண்ணு. கோர்ட்டுல கூப்பிட்டா வருவீங்களா?”

எந்தப் பக்கமும் சாயாமல் எழுதித்தான் இத்தனை வருடம் பிழைத்திருக்கிறேன். வருவேன் என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன்.